மான் யாருடையது? ஓசூர் எல்லைக் காடுகளில் துப்பாக்கி வேட்டையும் சட்டமும்

ஓசூர் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், ரோஜா. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. 2019இல் ஊர் மாநகராட்சி ஆனது. கெலமங்கலம் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்தபின் தொழில் வளையம் காட்டை நோக்கி இன்னும் நகர்ந்திருக்கிறது. அதே ஓசூரிலிருந்து தெற்கே தளி, தேன்கனிக்கோட்டை வழியாகப் போனால் ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் காடுகள் தொடங்கிவிடும். அவை காவிரிக் கரை வரை இறங்கி, அக்கரையில் கர்நாடகக் காடுகளோடு சேர்கின்றன.

இந்தக் காடுகளில் இரவில் இன்னும் நாட்டுத் துப்பாக்கி வெடிக்கிறது. மான்கறியும் துப்பாக்கியுமாக ஆட்கள் பிடிபட்டார்கள் என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. இந்தியாவில் மான் வேட்டைக்கு எதிரான சட்டம் அரை நூற்றாண்டாக இருக்கிறது. தண்டனை திருத்தத்துக்குத் திருத்தம் கூடியிருக்கிறது. ஆனாலும் வேட்டை நிற்கவில்லை. ஏன்? காட்டைக் காக்கும் சட்டம் எப்போது மக்களின் மதிப்பைப் பெறுகிறது, எப்போது இழக்கிறது? இந்தக் கேள்விகளை ஓசூர் எல்லையை மையமாக வைத்து, மான் வேட்டைக்குத் தூக்குத் தண்டனையே விதித்துப் பார்த்த பழைய இங்கிலாந்தின் அனுபவத்தையும் அருகில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தண்டனையின் கடுமையைக் கூட்டி மானைக் காத்துவிட முடியாது. சட்டம் எல்லோர்மீதும் ஒரே அளவில், வெளிப்படையாக, தவறாமல் விழுந்தால்தான் காக்க முடியும் என்பது என் முடிவு.

காடும் அதன் இரையும்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. இரு மாவட்டங்களிலுமாக 504.33 சதுர கிலோமீட்டர் காடு 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு காவிரி தெற்குச் சரணாலயம் ஆனது. அக்கரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயமும் மலை மாதேஸ்வரர் சரணாலயமும் இருக்கின்றன. வடமேற்கில் பன்னேர்கட்டா தேசியப் பூங்கா. வரைபடத்தில் இவற்றுக்குத் தனித்தனிப் பெயர். விலங்குகளுக்கு ஒரே காடு. பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக வரும் யானைக் கூட்டங்கள் சானமாவு போன்ற சிறு காடுகளில் தங்கிக் கேழ்வரகு வயல்களுக்குள் இறங்குவது இப்பகுதியினர் எல்லோரும் அறிந்தது.

யானைக்குக் கிடைக்கும் கவனம் மானுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் இந்தக் காட்டின் உணவுக் கட்டமைப்பு மானின் மேல்தான் நிற்கிறது. சமவெளிப் புதர்க்காட்டில் புள்ளிமான், மலைச்சரிவில் கடமான், அடர்ந்த இடங்களில் கேளையாடு, வறண்ட இலையுதிர்க் காட்டில் நாற்கொம்பு மான். ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் 50 மான் அளவுள்ள இரைகளைக் கொல்கிறது என்பதும், ஒரு புலி நிலைத்து வாழச் சுமார் 500 இரை விலங்குகள் வேண்டும் என்பதும் இந்தியப் புலி ஆய்வுகள் நிறுவிய கணக்கு. சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இதே மான்கள்தான் இரை. புள்ளிமான் ஏறத்தாழ எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டியைத்தான் ஈனும். சினைமானைச் சுட்டால் இரண்டு உயிர் போகிறது. கூட்டம் மீள ஆண்டுகள் ஆகின்றன. காட்டுக்குள் இரை குறைந்தால் சிறுத்தை ஆட்டுப்பட்டியையும் ஊர் நாயையும் தேடி வருகிறது. அப்போது ஊருக்கும் காட்டுக்கும் பகை மூள்கிறது. அந்தப் பகையின் வேர் பல நேரங்களில், யாரும் பார்க்காத இரவில் சுடப்பட்ட மானிடம் இருக்கிறது.

துப்பாக்கி, சுருக்கு, அவுட்டுக்காய்

எல்லைக் கிராமங்களில் பிடிபடும் ஆயுதம் பெரும்பாலும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்துக் கம்பியால் கெட்டித்து, மேலே குண்டுகளைப் போட்டு மறுபடி கெட்டிக்கிறார்கள். கருமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை. நூற்றாண்டுகளாக மாறாத செய்முறை. குண்டாக ஈயமும் போடப்படுகிறது, இயந்திரங்களின் பேரிங்கிலிருந்து வரும் பால்ரஸும் போடப்படுகிறது. ஒரு முறை சுட்டபின் மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். குறியும் நம்பகமானதல்ல. ஆகவே மிக அருகில் போய்த்தான் சுட வேண்டும்.

அதற்கு வழிசெய்வது வெளிச்சம். மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. டார்ச் அடித்தால் கண்கள் தொலைவிலிருந்தே மின்னும். மான் சில நொடிகள் அசையாமல் நிற்கும். நெற்றியில் கட்டும் விளக்கு வந்தபின் இரு கைகளும் துப்பாக்கிக்குக் கிடைத்துவிட்டன. கோடையில் ஓடைகள் வற்றி, மான்கள் எஞ்சிய தண்ணீர்க் குட்டைகளுக்கு வந்தே தீர வேண்டிய நாட்களில் வேட்டைக்காரர் தேடி அலைய வேண்டியதும் இல்லை. குண்டு பட்டும் விழாத மான் காட்டுக்குள் ஓடிச் சாகிறது. அது எந்தக் கணக்கிலும் வராது.

துப்பாக்கி சத்தம் போடும். சுருக்குக் கம்பி சத்தம் போடாது. வண்டிகளின் கிளட்ச் ஒயர், பிரேக் ஒயர் சுருக்காக மாறுகிறது. மோட்டார் சைக்கிள் பெருகிய ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. காட்டுப்பன்றிக்காகத் தீனிக்குள் வைக்கப்படும் அவுட்டுக்காய் எனும் நாட்டு வெடி, கடித்த விலங்கின் வாயைச் சிதைக்கிறது. மாடும் அதைக் கடிக்கிறது, யானையும் கடிக்கிறது. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவது விலங்கோடு மனிதரையும் கொல்கிறது. இவையெல்லாம் ஆளைப் பார்த்து விலகும் ஆயுதங்கள் அல்ல. புதருக்குள் அசைந்தது மான் என்று எண்ணிக் கூட்டாளியையே சுட்டுக் கொன்ற செய்திகளும் தமிழக மலைக் கிராமங்களிலிருந்து வந்திருக்கின்றன. வேட்டைக்கென வீட்டில் வைத்திருந்த துப்பாக்கி நிலத் தகராறில் எடுக்கப்பட்டால் கொலை ஆயுதம் ஆகிறது. எனவே இது விலங்கைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. ஊரின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியும் கூட.

யார் வேட்டையாடுகிறார்கள்?

வேட்டைக்காரர் எல்லோரையும் ஒரே பெயரில் அடைப்பது தவறு. முதல் வகையினர் பயிர் காக்கப் புறப்பட்டவர்கள். நிலக்கடலையையும் கேழ்வரகையும் தக்காளியையும் பன்றி கிளறிப் போட்ட வயலில் நிற்கும் உழவருக்குக் கோபம் வருவது இயல்பு. அவர் பன்றிக்குப் போட்ட சுருக்கில் மான் விழுகிறது. விழுந்த மான் கறியாகிறது. இரண்டாம் வகையினர் கறிக்காகவே சுடுபவர்கள். மான்கறி திறந்த கடையில் விற்பதில்லை. தெரிந்தவர் வழியாக, பங்கு போட்டு, பையில் கட்டி வண்டியில் போகிறது. விலை கொடுக்க ஆள் இருக்கும் வரை துப்பாக்கி எடுக்கவும் ஆள் இருப்பார். மூன்றாம் வகையினர் பொழுதுபோக்குக்காகவும் வீரம் காட்டவும் வருபவர்கள். இவர்களுக்குக் கறி தேவையில்லை, காசும் தேவையில்லை. சட்டத்தின் கண்ணில் மிக அரிதாகப் படுபவர்களும் இவர்களே.

சந்தேகம் மட்டும் இந்த வரிசையில் விழுவதில்லை. காட்டில் வெடிச் சத்தம் கேட்டால் முதலில் விசாரிக்கப்படும் வாய்ப்பு இருளர் குடியிருப்புக்கும் நரிக்குறவர் குடியிருப்புக்குமே அதிகம். வேட்டையும் சேகரிப்பும் இவர்களின் பழந்தொழில் என்பதாலேயே இன்றைய குற்றமும் இவர்கள் தலையில் ஏற்றப்படுகிறது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்தபோது, பிறப்பையே குற்றத்துக்குச் சான்றாக்கும் பழக்கத்தை அரசு அலுவலகங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. சட்டம் ஒழிந்து பல தலைமுறை ஆன பின்னும் அந்தப் பழக்கம் முழுதும் ஒழியவில்லை.

தூக்குமேடையால் காக்க முடியாத மான்

மானுக்காக மனிதரைத் தண்டிப்பதில் இங்கிலாந்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நார்மன் அரசர்கள் பெருங்காடுகளைத் தங்கள் வேட்டைக்கென ஒதுக்கித் தனிச் சட்டம் செய்தார்கள். அதன் கொடுமைக்கு எதிராக 1217இல் வந்த காட்டுச் சாசனம், அரசரின் மானைக் கொன்றதற்காக எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று அறிவித்தது. அபராதம் கட்டலாம், இயலாதவர் ஓராண்டும் ஒரு நாளும் சிறையிருக்கலாம். மனித உயிர் மானின் உயிருக்கு ஈடாகாது என்று சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்ட பெரிய தருணம் அது.

ஆனால் வேட்டை உரிமை தகுதியைப் பொறுத்தே இருந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் நில வருமானம் இல்லாத பாமரர் வேட்டை நாய் வைத்திருக்கக் கூடாது என்றது 1389ஆம் ஆண்டுச் சட்டம். முகத்தை மறைத்து இரவில் வேட்டையாடுவதை 1485ஆம் ஆண்டுச் சட்டம் பெருங்குற்றமாக்கியது. 1671இல் வந்த வேட்டைச் சட்டம், முயல், கவுதாரி போன்றவற்றை வேட்டையாட ஆண்டுக்கு 100 பவுண்டு நில வருமானம் வேண்டும் என்றது. தகுதியற்றவரின் வீட்டைச் சோதித்துத் துப்பாக்கியையும் நாயையும் பறிக்கும் அதிகாரத்தைப் பண்ணையார்களின் காவலர்களுக்குக் கொடுத்தது. மானுக்குத் தனிச் சட்டங்கள் இருந்தன. 1692ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மானுக்கு 30 பவுண்டு அபராதம் விதித்தது. உழைப்பாளி ஒருவருக்கு அது ஓராண்டுக் கூலியை மிஞ்சும் தொகை. வேலி போட்ட மான் பூங்கா பிரபுவின் செல்வத்துக்கும் பெருமைக்கும் அடையாளம். ஆகவே அந்தப் பூங்காவுக்குள் ஆயுதத்தோடு புகுவது பிரபுவை அவமதிக்கும் செயலாகவும் இருந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பகைகொண்ட குடும்பத்தாரின் பூங்காவுக்குள் ஆள் திரட்டிப் போய் மானைக் கொன்ற பிரபு குலத்தவரும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வழக்கும் அபராதமும்.

1720களில் நிலைமை முற்றியது. வின்சர் காட்டிலும் ஹாம்ப்ஷயரின் வால்தம் பகுதியிலும் முகத்தில் கரி பூசிய குழுக்கள் குதிரையேறி, ஆயுதமேந்தி அரசரின் மானையும் ஆயரின் மானையும் வேட்டையாடின. 1721 அக்டோபரில் ஃபார்ன்ஹாமில் வின்செஸ்டர் ஆயரின் பூங்காவைப் பதினாறு பேர் தாக்கினார்கள். வரலாற்றாளர் இ. பி. தாம்சன் 1975இல் எழுதிய ஆய்வு இதன் பின்னணியைத் தோண்டியெடுத்தது: மான் பயிரை மேயும், உழவர் அதை விரட்டக்கூடாது, விறகு வெட்டவும் எரிக்கப் புல்மண் கட்டி அகழவும் இருந்த பழைய உரிமைகளைப் புதிய அதிகாரிகள் நெருக்கினார்கள். கறுப்பு முகங்களுக்குப் பின்னால் அந்தக் கோபம் இருந்தது.

அரசின் பதில் 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம். ஆயுதத்தோடும் மாறுவேடத்தோடும் காட்டிலோ பூங்காவிலோ காணப்பட்டாலே தூக்கு. மானைக் கொல்வது, மரத்தை வெட்டுவது, மாட்டை ஊனப்படுத்துவது என ஐம்பதுக்கு மேற்பட்ட செயல்கள் மரண தண்டனைக்குள் வந்தன. பெயர் அறிவிக்கப்பட்டவர் 40 நாளில் சரணடையாவிட்டால் விசாரணையின்றியே குற்றவாளி. மூன்றாண்டுக்கென்று வந்த சட்டம் நூறாண்டு நின்றது; பெரும்பகுதி 1823இல்தான் நீக்கப்பட்டது. அந்த நூறு ஆண்டில் கள்ளவேட்டை நிற்கவில்லை. காரணம் தெளிவு: மான் திருடியவரைப் பிடிப்பவர் நிலவுடைமையாளரின் காவலர், சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதியும் நிலவுடைமையாளரே. ஒரு வர்க்கத்தின் விருந்தைக் காக்க நின்ற சட்டத்தைக் கிராமம் தன் சட்டமாக ஏற்கவில்லை. வேட்டைக்காரரை ஊர் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அங்கிருந்து இங்கே

இந்த மனப்பான்மை கப்பலேறி இங்கும் வந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிருஷ்ணகிரி சார்ந்த பாரமகால் பகுதியும் 1799இல் அவர் வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் கும்பினியார் கைக்குப் போயின. 1878இன் ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் கட்டாயம் என்றும் ஐரோப்பியருக்கு விலக்கு என்றும் பிரித்தது. 1879இன் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பருவமும் உரிமமும் வகுத்தது. 1882இன் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் எல்லைக்குள் கொண்டுவந்தது. எல்லைக்கு அப்பால் பந்திப்பூர் மைசூர் மகாராஜாவின் வேட்டைக்காடாக இருந்தது. இச்சட்டங்களால் விலங்குகளுக்குச் சில நன்மைகள் விளைந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவை வகுத்த கோடு கொல்லலாமா கூடாதா என்பதில் இல்லை. யார் கொல்லலாம் என்பதில் இருந்தது. துரை சுட்டால் ஷிகார். குடியானவர் சுட்டால் திருட்டு.

ஓசூர்க் காடுகளைப் பொறுத்தவரை இதற்கு ஓர் எழுத்துச் சான்றே உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் வேட்டையாடியவர். 1954இல் வந்த அவருடைய முதல் நூலில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலிக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. கெட்டிக்கும் துப்பாக்கியோடு தண்ணீர்க் கரைகளில் இரவெல்லாம் பதுங்கி மானுக்குக் காத்திருந்த உள்ளூர் வேட்டைக்காரர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். காட்டின் தடங்களை அவருக்குக் காட்டியவர்கள் அத்தகைய மனிதர்களே. உரிமம் பெற்ற துப்பாக்கியும் உரிமமற்ற துப்பாக்கியும் ஒரே காட்டில் ஒன்றையொன்று நம்பி நடந்த காலம் அது.

1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்த வரலாற்றைத் திருப்பத் தொடங்கியது. முதலில் அதிலும் உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களை எடுத்துவிட்டது. மகாராஜாவின் பேரனுக்கும் இருளர் குடியின் பேரனுக்கும் இன்று ஒரே தடை. இங்கிலாந்தின் வேட்டைச் சட்டங்களுக்கு ஒருபோதும் இல்லாத அறநிலை இது. உயர்ந்தவரின் விருந்துக்காக அல்லாமல் காட்டின் நலனுக்காக மானைக் காக்கும் சட்டம் என்று இதை நெஞ்சுயர்த்திச் சொல்லலாம். அப்படிச் சொல்லும் உரிமை, அமலாக்கத்திலும் அந்தச் சமத்துவம் இருக்கும் வரைதான்.

சட்டம் நடைமுறையில்

சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. 39ஆம் பிரிவின்படி, தடையை மீறிக் கொல்லப்பட்ட விலங்கும் அதன் கறியும் அரசின் உடைமை. கறி ஒருவர் கையில் இருப்பது நிரூபணமானால், அது முறைகேடாக வந்ததல்ல என்று காட்டும் பொறுப்பை 57ஆம் பிரிவு அவர்மேல் வைக்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதம் கொண்டுபோவதை 31ஆம் பிரிவு தடுக்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் துப்பாக்கி உரிமம் வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்றும், தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவின்றிப் புதிய உரிமம் தரக்கூடாது என்றும் 34ஆம் பிரிவு சொல்கிறது. உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கியை இந்தப் பதிவேடு எட்டாது என்பதுதான் சிக்கல்.

2022இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அபராத வரம்புகளை உயர்த்தியது. பொதுக் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்காக இருந்தாலும், எந்த விலங்கானாலும் சரணாலயத்துக்குள் வேட்டை நடந்திருந்தாலும், குறைந்தது மூன்றாண்டு, கூடினால் ஏழாண்டு சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. 54ஆம் பிரிவு வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்படாத குற்றங்களில், அதிகாரம் பெற்ற வன அதிகாரி ஐந்து லட்சம் ரூபாய் வரை ஒரு தொகையைப் பெற்று வழக்கை முடிக்கலாம். "மான் வேட்டையாடியவர்களுக்கு அபராதம்" என்று நாளிதழில் வரும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பிரிவு இருக்கிறது.

இங்கே கூர்ந்து பார்க்க வேண்டியது இரண்டு. முதலாவது, ஒரே புள்ளிமான் சரணாலய எல்லைக் கல்லுக்கு உள்ளே விழுந்தால் மூன்றாண்டு சிறை நிச்சயம். வெளியே விழுந்தால் அபராதத்தோடு வீடு திரும்பலாம். இரவில் சுடப்பட்டு, குண்டோடு ஓடிய மான் எங்கே சுடப்பட்டது என்பதை முடிவு செய்யும் அறிக்கையை எழுதுபவரின் பேனாவுக்கு இதனால் மிகுந்த பலம் வருகிறது. இரண்டாவது, பிடிப்பவர், வாக்குமூலம் பதிபவர், அபராதம் முடிவு செய்பவர் எல்லோரும் ஒரே துறையினர். வன அலுவலர்களில் பெரும்பாலோர் நேர்மையாக, குறைந்த வசதியோடு உழைப்பவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் நல்ல மனிதர்களை நம்பி மட்டும் ஒரு முறைமை நிற்கக் கூடாது. புகார் கொடுப்பவரும் தீர்ப்பு சொல்பவரும் ஒரே தரப்பாக இருந்ததே பழைய இங்கிலாந்துச் சட்டத்தின் நோய். கட்டணம் கட்ட முடிந்தவர் வெளியே வருகிறார், முடியாதவர் சிறைக்குப் போகிறார் என்ற நிலை வந்தால், நாம் கடந்துவிட்டதாக நினைத்த அந்தப் பழைய ஏற்றத்தாழ்வு வேறு வாசல் வழியே வந்துவிட்டது என்று பொருள்.

நீதிமன்றம் போன வழக்குகளுக்குச் சான்று பெரும் தடை. சமைத்த கறியைக் கண்ணால் பார்த்து மானா ஆடா என்று சொல்ல முடியாது. மரபணுச் சோதனை அதைச் சொல்லிவிடும். ஹைதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வகம் போன்ற இடங்கள் இதில் தேர்ச்சி பெற்றவை. மாதிரியை முறையாக எடுத்து முத்திரையிட்டு அனுப்பும் பயிற்சி கடைசி வனக்காவலர் வரை போய்ச் சேர வேண்டும். காலதாமதம் இன்னொரு தடை. 1998 அக்டோபரில் ஜோத்பூர் அருகே வெளிமான்கள் கொல்லப்பட்ட வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு விசாரணை நீதிமன்றம் ஐந்தாண்டுத் தண்டனை விதித்தது 2018 ஏப்ரலில். பிணையில் வந்து அவர் மேல்முறையீடு செய்தார். அந்த வழக்கு இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்ததற்குக் காரணம், கண்ணால் கண்டதைச் சொன்ன பிஷ்ணோய் சமூகத்து ஊரார் பின்வாங்காமல் நின்றதே. ஊர் சாட்சி சொல்லும் இடத்தில் சட்டம் பெரும்புள்ளியையும் தொடுகிறது.

எல்லைக்கோடும் துப்பாக்கிச் சூடும்

இந்தக் காட்டுக்கு ஆறாத காயங்கள் உண்டு. வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே கொல்லப்படும் வரை, யானைத் தந்தமும் சந்தன மரமும் இந்த எல்லைக் காடுகளை ஆயுதக் களமாக்கியிருந்தன. அவரால் வன அலுவலர்களும் காவலர்களும் உயிரிழந்தார்கள். தேடுதல் என்ற பெயரில் எளிய கிராமத்தவர் பட்ட துன்பங்களை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைக்க வேண்டியதாயிற்று.

அப்போது ஒன்றாக இருந்த தருமபுரி மாவட்டத்தில், அரூர் வட்டம் வாச்சாத்தி மலைக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் விசாரணைக் காலத்திலேயே 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காட்டைக் காக்கும் அதிகாரம் கட்டற்றுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தமிழ்நாட்டில் இல்லை.

2023 பிப்ரவரியில் கர்நாடக எல்லையிலுள்ள பாலாற்றங்கரையில் அந்த அச்சம் மறுபடி தலைதூக்கியது. சேலம் மாவட்டம் கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவர் கர்நாடக வனத்துறையினரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் காணாமற்போய், சில நாளில் ஆற்றில் பிணமாக மிதந்தார். பரிசலில் வந்து மான் வேட்டையாடியவர்கள் முதலில் சுட்டதால் திருப்பிச் சுட்டோம் என்றது கர்நாடகத் தரப்பு. அவர் மீன்பிடிக்கப் போனவர் என்றனர் குடும்பத்தார். எல்லைப் போக்குவரத்து சில நாள் நின்றது. இரண்டு கூற்றுகளில் எது உண்மை என்பதை ஆற்றங்கரையிலேயே துப்பாக்கி தீர்மானித்துவிடக் கூடாது.

வனக்காவலரின் ஆபத்தும் பெரிது. இருட்டில் எதிரே நிற்பவர் கையில் மருந்து கெட்டித்த துப்பாக்கி இருக்கிறது. காவலர் கையில் பெரும்பாலும் தடியும் டார்ச்சும். தற்காப்புக்காகச் சுடும் உரிமை அவருக்குச் சட்டப்படி உண்டு. காண்டாமிருகத்தைக் காக்க 2010இல் அசாம் அரசு வனப் பணியாளருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு அளித்ததும் இந்த அச்சத்தை முன்வைத்தே. ஆனால் பாதுகாப்பு என்பது கணக்குக் கேட்காமை ஆகிவிடக் கூடாது. காவல்துறை மோதல் மரணங்களுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த பதினாறு நெறிகளில் சுதந்திரமான விசாரணையும் நடுவர் விசாரணையும் அடக்கம். காட்டுக்குள் நிகழும் ஒவ்வொரு சாவுக்கும் அந்த அளவுகோலே பொருந்த வேண்டும். மானுக்காக எவரும் உயிரிழக்கக் கூடாது என்று 1217இல் எழுதப்பட்டது இன்றும் பழுதாகவில்லை. காவலரின் உயிருக்கும் அது பொருந்தும், வேட்டைக்காரரின் உயிருக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

அண்மை ஆண்டுகளில் எல்லைக் கிராமங்களில் வனத்துறையும் காவல்துறையும் தண்டோரா போட்டும் கூட்டம் கூட்டியும், உரிமமற்ற துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவித்தன. ஊர்ப் பெரியவர்கள் வழியாகத் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. நான் அறிந்த முயற்சிகளில் மிகுந்த பயன் தரக்கூடியது இதுவே. எவரையும் சிறைப்படுத்தாமல் ஒரு துப்பாக்கியைக் காட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. ஊரையும் சட்டத்தின் பக்கம் கொண்டுவருகிறது. ஒரு முறை நடத்திவிட்டு நிறுத்தாமல், ஆண்டுதோறும் கோடைக்கு முன் நடத்த வேண்டும். கூடவே குழல் செய்து தரும் பட்டறைக்கும் மருந்து விற்பவருக்கும் வழக்கு போக வேண்டும். புதுத் துப்பாக்கி உருவாகிக்கொண்டே இருந்தால் ஒப்படைப்பு கண்துடைப்பாகிவிடும்.

வாங்குபவரைச் சட்டம் தொட வேண்டும். கறியை வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்லியும், பிடிபடுபவர் பெரும்பாலும் சுட்டவரும் சுமந்தவருமே. பணம் கொடுத்தவரின் பெயர் குற்றப்பத்திரிகையில் வராத வரை வேட்டைக்கான தேவை குறையாது. கைபேசி, பணப் பரிமாற்றம் என்று அந்தச் சங்கிலியைப் பின்தொடரும் வசதி இன்று காவல்துறைக்கு இருக்கிறது. சிறு வனச்சரகத்துக்கும் அது கிடைக்க வேண்டும்.

54ஆம் பிரிவின்கீழ் முடிக்கப்பட்ட வழக்கு ஒவ்வொன்றும் விலங்கு, இடம், தொகை, காரணம் ஆகிய விவரங்களோடு பொதுவெளியில் வர வேண்டும். பெயரை மறைத்துக்கொள்ளலாம், முடிவை மறைக்கக் கூடாது. உள்ளூரார் ஒருவருக்கு என்ன தொகை, வெளியூர்ச் செல்வந்தருக்கு என்ன தொகை என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

பயிர் இழந்தவருக்கு அந்தப் பருவம் முடிவதற்குள் இழப்பீடு கிடைக்க வேண்டும். தாமதமாக வரும் பணம் சுருக்குக் கம்பியைத் தடுக்காது. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனப் பணியாளரே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் தமிழக அரசு வகுத்த முறை சரியான திசையில் ஓர் அடி. உழவரின் குறையை அரசு தன் பொறுப்பாக ஏற்றால், அவர் துப்பாக்கியைத் தேட வேண்டியதில்லை.

வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பெரும்பாலும் அதே மலைக் கிராமங்களிலிருந்து தொகுப்பூதியத்தில் வேலைக்கு வந்தவர்கள். எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் மான் இறங்கும் என்று அறிந்தவர்கள் அவர்களே. அவர்களுக்கு நிலையான பணி, காப்பீடு, இரவு ரோந்துக்கு உரிய கருவிகள் வேண்டும். தடம் அறியும் இருளர் இளைஞரைச் சந்தேகப் பட்டியலில் வைப்பதைவிட ஊதியப் பட்டியலில் வைப்பது காட்டுக்கு நல்லது, நியாயமும்கூட. தமிழகமும் கர்நாடகமும் கூட்டு ரோந்தையும், துப்பாக்கியை எப்போது எடுக்கலாம் என்ற பொது விதியையும் எழுத்தில் ஏற்க வேண்டும். ஆறு எல்லையாக இருக்கும் இடத்தில் தவறு நடந்தால் இரு மாநிலங்களும் பதில் சொல்ல வேண்டும்.

மான் யாருடையது?

பழைய இங்கிலாந்தில் இதற்கு விடை அரசர் அல்லது பிரபு. பிரிட்டனில் இன்று ஏறத்தாழ 20 லட்சம் மான்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஓநாய் ஒழிந்த நாட்டில் அவற்றைச் சுட்டுக் குறைக்கும் பொறுப்பு மனிதருக்கு வந்துவிட்டது. நம் காட்டில் சிறுத்தையும் செந்நாயும் இன்னும் அந்த வேலையைச் செய்கின்றன. இங்கே மனிதத் துப்பாக்கிக்கு இயற்கை எந்த இடமும் விட்டுவைக்கவில்லை.

இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்று 1996இல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிர்களிடம் பரிவு காட்டுவதைக் குடிமக்களின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது: மான் அரசின் பொறுப்பில் இருக்கும் நம் எல்லோருடைய சொத்து, இனி பிறக்கப்போகிறவர்களின் சொத்தும் அது. அறங்காவலர் கணக்கு காட்டக் கடமைப்பட்டவர். அஞ்செட்டியில் கம்பி வைத்தவருக்கும் ஊரிலிருந்து காரில் வந்து கறி வாங்கியவருக்கும் ஒரே விதி என்று அந்தக் கணக்கு காட்டினால், கிராமமே காவலுக்கு வரும். காட்டாவிட்டால் எத்தனை ஆண்டுச் சிறை எழுதினாலும், 1723இல் தூக்குமேடை கண்ட அதே தோல்வியைத்தான் நாமும் காண்போம்.